மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை

வாங்க தம்பி, செருப்பு கிடக்கட்டும், உள்ள வாங்க. ஸ்டூல் அந்தா இருக்கு. லேசா ஆடும், நான் பிடிச்சுக்கிறேன். சாத்தூர் குட்ஷெட்ல மூட்டை தூக்கின தோளு, உங்களை விழ விட்டுறாது.

கழட்ட வேண்டாம். ரிப்பேரும் பாக்க வேண்டாம். சும்மா ஓடவிட்டுப் பாருங்க. ஒழுங்கா ஓடுதா, நடுவுல நிக்குதான்னு பாருங்க, போதும். பாத்துட்டு நாளைக்குக் காலையில எங்க உறவின்முறை மண்டபத்துல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை.

உள்ளூர்ல ஆள் இல்லாமலா உங்களை வெளியூர்ல இருந்து வரச் சொன்னேன். ஜெபராஜ்னு ஒரு மெக்கானிக் இருக்காரு, நல்ல மனுசன். இந்த மெஷினை மாட்டினதே அவருதான். ஆனா அவரு எனக்குப் பழக்கம். பழக்கத்துக்காகச் சொல்றாருன்னு அந்தப் பக்கத்து ஆளுங்க பேசுவாங்க. அதான் பொது ஆளா இருக்கட்டும்னு உங்களைக் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம்னா என் மருமகளோட அண்ணன், வேல்சாமி. அவன்தான் நாளைக்கு அங்க பேச்சு வச்சிருக்கான். "சீனிச்சாமி மாமா, என் தங்கச்சியைப் புருசனைக் கொன்னவள்னு நீங்க ஊர் நடுவுல சொல்லிட்டீங்க. அந்தப் பேரோட அவளை நான் எங்க வச்சுக்கிறது? மெஷின்ல கோளாறா, அவ கையில கோளாறான்னு பெரியவங்க முன்னாடி தெரிஞ்சாகணும்" அப்படின்னான். நியாயம்தான். நானும் அதைத்தான் சொல்றேன். தெரியட்டும்.

ஏசியைப் போடுவோம். ரிமோட் என்கிட்ட இருக்கு, இருங்க, மடியில இருந்து எடுக்கிறேன். இதை நான் கீழ வைக்கிறதே இல்லை. பழகிப்போச்சு.

கேக்குதா, பின்பக்கம் பால்கனியில வெளிப்பெட்டி இரையுது பாருங்க. அந்த இரைச்சல் இருக்கிற வரைக்கும் குளிர் வரும். அது நின்னா வெறும் காத்து. எனக்குப் படிப்பு கிடையாது தம்பி, ஆனா இந்த இரைச்சலைக் காதால படிச்சிருக்கேன். தூங்கும்போதுகூட அது நின்னா எனக்கு முழிப்பு வந்துரும்.

இந்தக் கட்டில்தான் என் மகன் கட்டில். சோலைராஜ். ஒரே மகன். கல்யாண மண்டபத்துக்கு மேல தகரம் மாட்டப் போனான், சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். கழுத்து எலும்பு. கழுத்துக்கு மேல எல்லாம் சரியா இருந்துச்சு, பேசுவான், சிரிப்பான், கிரிக்கெட் பாப்பான். கீழ ஒண்ணும் இல்லை. ஒரு ஈ உக்காந்தாக்கூடத் தெரியாது. மண்டபத்து ஓனர் மணமகள் ரூம்ல கிடந்த பழைய ஏசியைக் கழட்டிக் கொடுத்தாரு. அதுதான் இது. அவரால ஆனது அவ்வளவுதான்னு சொன்னாரு, வாங்கிக்கிட்டோம்.

ஏசி எதுக்குன்னு நீங்க நினைப்பீங்க. நானும் நினைச்சேன். நாம என்ன ஏசியில பிறந்தவங்களா. பெரிய டாக்டர் உக்கார வச்சுச் சொன்னாரு: "ஐயா, உங்க மகனுக்கு இனிமே உடம்பு வேர்க்காது. வேர்த்தாதான் சூடு இறங்கும். இவருக்குச் சூடு ஏறினா ஏறினதுதான், தானா இறங்காது. வெயில் காலத்துல ரூம் குளிர்ச்சியா இருக்கணும். ஆடம்பரம்னு நினைச்சுறாதீங்க, இது மருந்து மாதிரி." நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும்ல. காக்கா கூட நிழல் பாத்துத்தான் உக்காரும்.

மொத வருசம் நல்லா ஓடுச்சு. ரெண்டாம் வருசம் பங்குனியிலதான் ஆரம்பிச்சுது. ஓடும், கொஞ்ச நேரத்துல வெளிப்பெட்டி டக்னு நிக்கும். உள்ள காத்து மட்டும் வரும். அப்புறம் தானா மறுபடி இரையும். மறுபடி நிக்கும். இப்படியே நாள் முழுக்க. சோலை முகம் செக்கச்செவேல்னு ஆயிரும். மருமக தண்ணியைத் துண்டுல நனைச்சு மேல போட்டுக்கிட்டே இருப்பா.

ஜெபராஜைக் கூப்பிட்டேன். வந்தாரு, போட்டாரு, ஓடுச்சு. அவரு டீ குடிச்சாரு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவரு படி இறங்கிப் போயி, நான் கைவேலையைப் பாத்துட்டு வந்து உக்காந்தா, டக். மறுநாளும் கூப்பிட்டேன். அன்னைக்கும் அதே கதை. வாத்தியார் வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற பையன் மாதிரி, மெக்கானிக்கைக் கண்டா இந்த மெஷினுக்கு அப்படி ஒரு ஒழுக்கம். ஜெபராஜ் சிரிச்சுட்டாரு. "பெரியவரே, மெஷினுக்கு உங்க மேலதான் ஏதோ கோவம்" அப்படின்னாரு.

ஆனா வேலையில குறை வைக்கலை அவரு. ஜல்லடையைக் கழுவினாரு. கேஸ் பாத்தாரு. வெளிப்பெட்டிக்குள்ள ஏதோ டப்பா மாதிரி ஒண்ணு, அதை மாத்தினாரு. பிறகு சொன்னாரு, "ஒண்ணு, வெளிப்பெட்டி விடுற அனல் வெளியேற வழி இல்லைன்னா அதுவே சூடாகி நின்னுரும், ஆறினதும் மறுபடி ஓடும். ஆனா உங்களுக்குப் பின்னால திறந்த பால்கனி, சுவரும் இல்லை மரமும் இல்லை. அது இல்லை. ரெண்டு, யாராவது ரிமோட்டுல நம்பரை ஏத்தி விட்டாலோ, ஃபேன்ல போட்டு விட்டாலோ இப்படித்தான் வெளிப்பெட்டி மட்டும் நிக்கும். வீட்டுல யாரும் ரிமோட்டை நோண்டுறாங்களா?"

வீட்டுல யாரு இருக்கா தம்பி. அவனால கை அசைக்க முடியாது. நான் பொழுதுக்கும் பின்பக்கம் வேலையில கிடப்பேன். அவ ஒருத்திதான் அந்த ரூம்ல.

முத்துப்பேச்சின்னு பேரு. பேச்சின்னு கூப்பிடுவோம். அந்த ஜன்னல் ஓரமாத்தான் தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைப்பா. நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கலை. அவனுக்குச் சோறு ஊட்டுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது, முதுகுல புண்ணு வராம பவுடர் போடுறது எல்லாம் அவதான். ஆனா மனுசங்க மனசு அலுக்கும்ல. கல்யாணமாகி வருசம் திரும்பலை, அதுக்குள்ள அவன் விழுந்துட்டான். ஒரு நாள் சால்வையைப் போத்திக்கிட்டு, "விரல் விறைக்குது மாமா, ஊசி பிடிக்க வரலை" அப்படின்னா. சாதாரணமாத்தான் சொன்னா. ஜெபராஜ் அப்படிக் கேட்டதும் எனக்கு அந்த வார்த்தை வந்து முன்னால நின்னுச்சு.

நேராவே கேட்டேன். "பேச்சி, குளிருதுன்னு நம்பரைக் கூட்டுறியாம்மா?"

என் மூஞ்சியைப் பாத்தா. "அவரை வச்சுக்கிட்டு நான் அப்படிச் செய்வேனா மாமா? அது தானா நிக்குது."

சோலையும் சொன்னான். "அப்பா, அவ எந்திரிக்கவே இல்லைப்பா. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

பாத்தீங்களா. பொண்டாட்டியை விட்டுக் கொடுக்க மாட்டான். படுத்துக்கிட்டே அவளுக்கு வக்காலத்து.

அன்னைக்கு ரிமோட்டை எடுத்து மடியில கட்டினேன். அப்பவும் நின்னுச்சு. எனக்கே குழப்பமாயிருச்சு. அப்புறம் கீழ் வீட்டுல ஒருத்தர், இப்ப செல்போன்லயே ஏசியை நிறுத்தலாம், டிவியை நிறுத்தலாம்னு சொன்னாரு. அட, இப்படியும் ஒண்ணு இருக்கான்னு அவ செல்லையும் வாங்கி வச்சுக்கிட்டேன். மறுபேச்சுப் பேசாம கொடுத்துட்டா. அப்பவும் நின்னுச்சு. கில்லாடி. எப்படிச் செஞ்சாளோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

செஞ்சது அவதான்னு எப்படித் தெரியும்னு கேக்கிறீங்க. சொல்றேன். அவ அத்தை மகளுக்கு வளைகாப்புன்னு காலையில கிளம்பிப் போயி சாயங்காலம் வந்தா. அன்னைக்கு முழுக்க, தம்பி, இந்த மெஷின் ஒரு தடவை நிக்கலை. நான் ஒத்தை ஆளு, அவனைப் புரட்டுறதும் ஊட்டுறதும் தண்ணி கொடுக்கிறதுமா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். துணி துவைக்கக்கூட பின்பக்கம் போகலை, எல்லாம் வாளியிலேயே கிடந்துச்சு. அவன் ஜம்முனு இருந்தான். பழைய கதையெல்லாம் பேசினான். மறுநாள் அவ இருக்கா, நானும் பின்பக்கம் என் வேலைக்குப் போயிட்டேன், டக். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

அப்பவே அவளை அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். விட்டுட்டேன். சோலை முகத்துக்காக விட்டேன்.

கத்திரி வெயில் வந்துச்சு. ஒரு நாள் சோலைக்குக் காய்ச்சல், வயித்தாலயும் போச்சு. விடிஞ்சதுல இருந்து விரிப்பை மாத்துறோம், மாத்துறோம், முடியவே இல்லை. நான் துவைச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன். மெஷின் ஓடுறதும் நிக்கிறதுமா உசிரை வாங்குது. ஜெபராஜுக்குப் போன் போட்டா எடுக்கலை, எங்கயோ வேலையில இருந்திருக்காரு. பேச்சி விசிறுறா, தண்ணி தெளிக்கிறா. நான் மனசுக்குள்ள நினைக்கிறேன், நிறுத்துறதும் நீயே, விசிறுறதும் நீயேன்னு.

திடீர்னு எந்திரிச்சுப் பின்பக்கம் ஓடினா. நான் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வந்து வெளிப்பெட்டி மேல கையை வச்சுப் பாத்தா. பாத்துட்டு, நான் அலசிப் போட்டிருந்த துணி அம்புட்டையும் வாரிச் சுருட்டித் தரையில போட்டா தம்பி. தரையெல்லாம் மண்ணு. "என்னடி பண்றே"ன்னு கையை ஓங்கிட்டேன். அடிக்கலை, ஓங்கினேன். அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள சோலை உள்ள இருந்து ஒரு மாதிரியா சத்தம் கொடுத்தான், அவ ஓடிட்டா.

அவளுக்கு என்ன கோவமோ என் உழைப்பு மேல. நான் குனிஞ்சு எல்லாத்தையும் எடுத்து, மறுபடி அலசி, மறுபடி போட்டேன். பிள்ளைக்கு மாத்த அடுத்த விரிப்பு வேணும்ல. இதையும் கவனிங்க: அவ பின்பக்கம் வந்துட்டுப் போனதுல இருந்து நான் அலசி முடிக்கிற வரைக்கும் மெஷின் நல்லா இரைஞ்சுது. ஏன்? நான் பாத்துட்டேன்ல, அந்தப் பயம். நான் துணியைப் போட்டுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள வரேன், டக். நின்னுருச்சு. பேச்சி அவன் தலைமாட்டுல உக்காந்திருக்கா. அவனுக்கு வெட்டு வலிப்பு வந்துருச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுறதுக்குள்ள முடிஞ்சுருச்சு.

தொட்டா சுட்டுச்சு தம்பி. அடுப்புல இருந்து இறக்கின பானை மாதிரி இருந்தான்.

தண்ணி குடிக்கிறீங்களா. இல்லை, எனக்கு ஒண்ணும் இல்லை.

கருமாதி அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது சொல்லிட்டேன். குளிர்ச்சியை நிறுத்தி நிறுத்தி என் மகனைக் கொன்னவ இவதான்னு. இல்லைன்னு அவ ஒரு வார்த்தை சொல்லலை. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கோவமா பாத்தாக்கூடப் பரவாயில்லை. சின்னப் பிள்ளை கீழ விழுந்தா பாப்போம்ல, அப்படிப் பாத்தா. அண்ணன் உலுக்குறான், "சொல்லு பேச்சி, நீ செய்யலைன்னு சொல்லு"ன்னு. வாயே திறக்கலை. தப்பு செய்யாதவ எதுக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கணும், நீங்க சொல்லுங்க.

பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. படிக்கிட்டப் போயி நின்னு திரும்பி, "மாமா, இனிமே துணியை மொட்டை மாடியில காயப்போடுங்க" அப்படின்னா. அந்த நேரத்துல பேசுற பேச்சா இது? புருசன் போயி, மாமனார் பழி சொல்லி, வீட்டை விட்டுப் போறவளுக்குத் துணி நினைப்பு. அதுல இருந்தே அவ மனசு எப்படின்னு தெரிஞ்சுக்கோங்க.

அவ போன நாள்ல இருந்து பாருங்க, இந்த மெஷின் காலையில போட்டா பொழுதடையிற வரைக்கும் நிக்கிறதே இல்லை. யாருக்குக் குளிர் வேணும், எனக்கா? இருந்தாலும் தினமும் போட்டுப் பாக்குறேன். ஓடுது. இந்தா, நான் இவ்வளவு பேசியாச்சு, ஓடிக்கிட்டுத்தான இருக்கு. ஒரு கோளாறும் இல்லை. இதைத்தான் நீங்க நாளைக்குச் சொல்லணும்.

என்ன கேட்டீங்க? எந்தத் துணியா?

விரிப்புதான். அவனுக்குக் கீழ விரிக்கிறது. எல்லாம் நான்தான் துவைச்சேன். அவளைத் தொட விட்டதில்லை. அவ தையல்காரி, கை நல்லா இருக்கணும். அதோட என் பிள்ளை மலமூத்திரத்தை நான் அலசுறதுல எனக்கென்ன கௌரவக் குறைச்சல்.

மொதல்ல மொட்டை மாடியிலதான் போட்டேன். அங்க கீழ் வீட்டு அம்மா வத்தல் காயப்போடுவாங்க. ஒண்ணும் சொல்லலை, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வத்தலை எடுத்துட்டு இறங்கிப் போனாங்க. அன்னைக்கே மாடிக்குப் போறதை விட்டேன். ரெண்டாம் வருசம் பங்குனியில இருக்கும். பின்பக்கப் பால்கனி நம்ம இடம், யாரும் கேக்க முடியாது. ஆனா கொடி கட்ட வசதி இல்லை.

வெளிப்பெட்டி மேலதான் போடுவேன். பாத்தீங்களா, அதுல இருந்து அனல் அடிக்கும்ல, அதைப் பிடிச்சேன். விரிப்பை நல்லாப் பிழிஞ்சு, பெட்டி மேல போட்டு, முன்பக்கம் கம்பி வலை இருக்கு பாருங்க, அது முழுக்க மூடுற மாதிரித் தொங்கவிட்டு, காத்துல பறக்காம ரெண்டு முனையையும் கம்பியில சொருகிருவேன். ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு மூணு கூடப் போடலாம். அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு காஞ்சுரும். குட்ஷெட்ல வேலை பாத்தவனுக்கு மூளை இல்லைன்னு யாரு சொன்னா.

ஜெபராஜ் பாத்ததில்லை. எப்படிப் பாப்பாரு? ஆள் வர்றாங்கன்னா வீட்டை ஒதுங்க வைக்க வேண்டாமா. எல்லாத்தையும் சுருட்டி வாளிக்குள்ள போட்டு மூடி வச்சுருவேன். சோலையே சொல்லுவான், "அப்பா, ஜெபராஜ் அண்ணன் வர்றாரு, அதையெல்லாம் எடுத்துருங்கப்பா"ன்னு. கண்ணு கலங்கிரும் அவனுக்கு. சாரத்து மேல சிங்கம் மாதிரி நடந்த பையன் தம்பி. அவன் மூத்திரத் துணியை ஊரான் பாக்கலாமா.

என்ன தம்பி, ஸ்டூல்ல இருந்து இறங்கிட்டீங்க.

இப்பப் போட்டுக் காட்டணுமா? இப்ப எதுக்கு? துவைக்க ஒண்ணும் இல்லையே, என் வேட்டியும் துண்டும்தான். அவன் விரிப்பு பீரோவுல ஒண்ணு இருக்கு, கடைசியா போட்டது. வேணும்னா நனைக்கிறேன். நீங்க பொது ஆளு, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லணும், அது சரி. இருங்க.

ம். இந்தா, இப்படித்தான். மேல போட்டு, முன்னால இறக்கி, இங்க ஒரு சொருகு, அங்க ஒரு சொருகு. அவ்வளவுதான். வேலை சுத்தம். வாங்க, உள்ள போயி உக்காருவோம். வெயில் மண்டையைப் பிளக்குது.

கட்டில்லயே உக்காருங்க, பரவாயில்லை. யாரையும் நான் அங்க உக்கார விடுறதில்லை, நீங்க உக்காருங்க. அவன் இந்தப் பக்கம் பாத்துத்தான் படுத்திருப்பான். அவ தைக்கிறதைப் பாத்துக்கிட்டே இருப்பான். தையல் மெஷின் சத்தத்தை வச்சே, "இப்பக் கை வைக்கிற, இப்பக் கழுத்து"ன்னு சொல்லுவான். அவ சிரிப்பா. சரியாச் சொன்னா நெத்தியில ஒரு தட்டுத் தட்டுவா. தப்பாச் சொன்னாலும் தட்டுவா. நான் பின்னால துணி பிழிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்கிறது ஒரு பெரிய விசயம் தம்பி. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்லாத ஒருத்தன் வீட்டுல அப்படிச் சிரிச்சாங்க. அதை நினைச்சா எனக்கு ஒண்ணு விளங்க மாட்டேங்குது. அப்படிச் சிரிச்சவ எதுக்கு

நின்னுருச்சு.

இரைச்சல் நின்னுருச்சு. வெறும் காத்து வருது.

நீங்க ஒண்ணும் அமுக்கலையே? இல்லை, ரிமோட் என்கிட்டத்தான் இருக்கு. இந்தா, மடியில. நானும் தொடலை. நம்பர் அப்படியேதான் இருக்கு. உங்க செல் எங்க? பைக்குள்ளயா. சரி.

கரண்டு போயிருக்கும். ஃபேன் ஓடுது. ஆமா, ஃபேன் ஓடுது.

பழைய மெஷின் தம்பி, வயசாச்சு அதுக்கு. ஏதாவது கோளாறு இருக்கும் உள்ள. நீங்க நாளைக்கு மண்டபத்துக்கு வந்து, மெஷின்லதான் கோளாறுன்னு சொல்லிருங்க. பேச்சி பாவம், அவ என்ன செய்வா. அவ மேல தப்பில்லைன்னு சொல்லிருங்க. மெஷின்ல கோளாறுன்னு மட்டும் சொன்னாப் போதும், வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

எங்க போறீங்க? பின்பக்கம் போகாதீங்க. உக்காருங்க.

அதை எடுக்காதீங்க தம்பி. அது இன்னும் காயலை.